பாதியில் நிறுத்திய குளோரின் வீடியோ

பாலிகஞ்சில் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். குளோரினை வகுப்பில் தயாரித்துக் காட்ட முடியாது, அதற்கு வீடியோதான். அன்று பத்தாம் வகுப்புக்குப் போட்ட வீடியோவில், கண்ணாடி ஜாடிக்குள் பச்சையும் மஞ்சளும் கலந்த வாயு ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த சிவப்புப் பூ வெளுத்தபோது பெண்கள் கைதட்டினார்கள்.

வீடியோவை நிறுத்தினேன். “இதற்கு ஆய்வகமே வேண்டாம். பாத்ரூம் கழுவும் ஆசிடையும் பிளீச்சையும் சேர்த்து ஊற்றினால் போதும். மூடிய அறை என்றால் உயிருக்கே ஆபத்து” என்றேன்.

நடு பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள். துறைமுக அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த தமிழர் ஒருவரின் மகள். தமிழ் பேசும் என்னிடம்கூட வங்க மொழியில்தான் பேசுவாள். அன்று தமிழ் வந்தது.

“மிஸ், அம்மா இன்னைக்கு பாத்ரூம் கழுவறாங்க. காலையில ரெண்டு பாட்டிலையும் எடுத்து வெச்சிருந்தாங்க.”

“ரெண்டையும் சேத்து ஊத்துவாங்களா?”

“தெரியல மிஸ்.”

அவள் அம்மாவின் எண்ணுக்கு அடித்தேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அப்படியே. அப்பாவின் போன் அணைந்திருந்தது.

“வீட்டுச் சாவி வேற யார்கிட்டயாவது இருக்கா?”

“கீழ் வீட்டு மாஷிகிட்ட ஒண்ணு இருக்கு.”

அவள் எண்ணைச் சொன்னாள். நல்லவேளையாக அந்த மாஷி, அவள் சித்திபோல் அழைக்கும் வங்காளி அம்மாள், எடுத்தார். கதவைத் திறங்கள், ஜன்னல்களையும் திறங்கள், பாத்ரூமுக்குள் மட்டும் போகாதீர்கள் என்று வங்க மொழியில் சொன்னேன். ஸ்பீக்கரில் அவர் மூச்சிரைக்க மாடி ஏறுவது கேட்டது. முட்டிவலிக்காரர், இடையில் ஒருமுறை நின்றார். பிறகு சாவி திரும்பும் சத்தம். ஓர் இருமல். போன் எங்கோ விழுந்தது. அதன் பிறகு ஒன்றுமில்லை.

அந்தப் பெண் என் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தாள்.

“உயிரோடு இருக்கிறாள்! பால்கனிக்கு இழுத்து வந்துவிட்டேன்!” என்று மாஷி கத்தினார். பின்னணியில் யாரோ விடாமல் இருமினார்கள். அந்த இருமலைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

வகுப்பைப் பக்கத்து ஆசிரியையிடம் ஒப்படைத்துவிட்டு, அந்தப் பெண்ணோடு டாக்சியில் லேக் கார்டன்ஸில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அதற்குள் மாஷி அவள் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். நாங்களும் அங்கேயே திரும்பினோம். கண்கள் சிவந்து வீங்க, முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்குடன் படுத்திருந்தார் அம்மா. பாத்ரூம் வாசலிலேயே சரிந்து விழுந்திருக்கிறார். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் கஷ்டம், இனி பயமில்லை என்றார் டாக்டர்.

அம்மா மாஸ்க்கை விலக்கினார். “ஸ்கூலை விட்டுட்டு எதுக்குடி வந்தே?” குரல் கரகரத்தது. என்னைப் பார்த்து, “ரெண்டும் சேந்தா நல்லா வெளுக்கும்னு நெனச்சேங்க” என்றார்.

மகள் வெடித்தாள். அழுதபடியே வங்க மொழியில் சரமாரியாகத் திட்டினாள். அம்மாவுக்குப் பாதிகூடப் புரிந்திருக்காது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே அவள் கையைத் தடவிக்கொடுத்தார்.