ஆள் எண்ணும்வரை சங்கு

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சித்தப்பா போர்மேன். கல்லூரி விடுமுறையில் அங்கே ஆபீஸ் வேலைக்குப் போன நான், கை சும்மா இராமல் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஆபத்து என்றால் ஒரு பட்டனைத் தட்ட வேண்டும். கேட்டில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் சங்கு அலறும். கறுப்புத் திரையில் ஒரே கேள்வி வரும்: ‘வெளியே வந்தவர்கள் எத்தனை பேர்?’ காலையில் உள்ளே போன கணக்கோடு பொருந்தினால் சங்கு நிற்கும்.

ஒத்திகையில், கேள்வி வந்ததுமே சங்கு நின்றுபோனது. பதில் வரும்வரை புரோகிராம் வேறெதையும் செய்யாமல் கல்லாக உட்கார்ந்துவிட்டது. எங்கள் பக்கம் சங்கு நின்றால் வேலைக்குத் திரும்பலாம் என்று அர்த்தம். செய்த பட்டாசின் எண்ணிக்கைக்குத்தான் கூலி, நிற்க யாருக்குப் பொறுமை? வேப்பமரத்தடியில் கூடியவர்கள் ரூம்களைப் பார்த்து ஓடினார்கள். ஓடிய ஒருவரைச் சித்தப்பா பிடரியில் அறைந்தே நிறுத்தினார்.

“ஏலே, நான் இன்னும் எண்ணவே இல்ல, எங்கன ஓடுற?”

அடுத்த அறை எனக்கு. “ஒன் டப்பா வாய மூடுனா இவுக உள்ள போயிருவாகலே! நெசமா வெடிச்சா பொணத்தையா எண்ணச் சொல்ற?”

அன்றைக்கே மாற்றினேன். சங்கைத் தனியாக ஓடும் இன்னொரு த்ரெட்டில் விட்டேன். கேள்வி ஒரு பக்கம் காத்துக் கிடக்கும். சங்கு தன்பாட்டுக்கு அலறும்.

சீசன் உச்சத்தில் மருந்து கலக்கும் ரூம் வெடித்தது. தரை என்னை உதைத்துத் தள்ளியது. ஜன்னல் கண்ணாடி கன்னத்தில் இறங்கியது. ரத்தக் கையால் பட்டனைத் தட்டினேன். கேள்வி வந்தது. சங்கு நிற்கவில்லை.

ஆட்கள் மரத்தடிக்கு ஓடி வந்தார்கள். மருந்து கலக்குகிறவரின் மனைவி மட்டும் புகைக்குள் திரும்பி ஓடினாள். சித்தப்பா அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தார்.

“அவுக உள்ள இருக்காக! விடுங்கண்ணே!”

“சங்கு நிக்கலம்மா! நிக்கல!”

அவள் அவர் கையைக் கடித்துக் கிழித்தாள். அப்போதுதான் பக்கத்து ரூமும் வெடித்தது. அவள் ஓடவிருந்த பாதையில் செங்கல்லும் நெருப்பும் கொட்டின.

ஆட்களை எண்ணிவிட்டுக் கடிபட்ட கையோடு வந்து சித்தப்பா எண்ணைத் தட்டினார். சங்கு நிற்கவில்லை, திரை மறுபடியும் கேட்டது. அதே எண்ணை மறுபடியும் தட்டினார்.

“ஒரு ஆள் குறையுது சித்தப்பா.”

“தெரியும்லே.”

தீயணைப்பு வண்டி வந்தது. வந்தவர்கள், ஒன்றும் காதில் விழவில்லை, நிறுத்து என்று கத்தினார்கள். ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினேன். அதுவரை குழாயையே பார்த்து நின்றிருந்த அவள், சத்தம் அறுந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். திரை இன்னும் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டிருந்தது.