பதினோரு நாள் சுத்தம்

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி அடுக்கும் அறையில் அவளுக்குக் கத்திரிக்கோல் அக்கா என்று பெயர். பதினான்கு வருடமாக அவள் அடுக்கிக் கொடுத்த தட்டில் ஒரு கத்திரிக்கோல் குறைந்தது என்ற பேச்சே எழுந்ததில்லை. அங்கே சுவரில் பட்டியல் தொங்கியது, மணி அடித்தது, தட்டை வாங்க எப்போதும் யாராவது கதவருகே நின்றார்கள்.

வீட்டில் அப்படி எதுவும் இல்லை. பாத்திரம் கழுவப் போனவள் துணி தேடிப் பால்கனிக்குப் போவாள். அங்கே வாடின செடி கண்ணில் படும். தண்ணீர் பிடிக்கக் குளியலறைக்குப் போனால் கண்ணாடியில் கறை தெரியும். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் நாலு வேலை பாதியில் நிற்கும், குழாய் திறந்தபடியே ஓடும்.

"உக்காந்துக்கிட்டு சும்மா இருக்கறவங்களப் பாத்திருக்கேன். ஓடிக்கிட்டே சும்மா இருக்கறவ நீ ஒருத்திதான்" என்பார் புருஷன். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊர்பேர் தெரியாதவர்கள் முப்பது தடவை வண்டியை நிறுத்தித் தொலைத்தாலும் "பரவால்ல, மெதுவா" என்று சொல்கிற மனுஷர். அந்தப் பொறுமையெல்லாம் வீட்டு வாசலோடு சரி.

மகள் பாடத்தில் கவனம் இல்லாமல் இருக்கிறாள் என்று பள்ளியில் சொன்னதால் அவளை டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் மகளைப் பற்றிக் கேட்கக் கேட்க, அத்தனையும் தன்னைப் பற்றிக் கேட்பது போலவே இருந்தது. "உங்களுக்கும் ஒரு தடவை பார்த்துடலாமா?" என்றார் டாக்டர். நாற்பத்தொரு வயதில் அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே பெயர் கிடைத்தது: ஏ.டி.எச்.டி., கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த முடியாத குறை. பேருந்து நிறுத்தத்தில் மகள் முன்னாலேயே அழுதாள். துக்கம் இல்லை அது.

டாக்டர் எழுதிக்கொடுத்த காகிதத்தைப் படித்துப் பார்த்த புருஷன், "சோம்பேறித்தனத்துக்கு டாக்டர் பட்டமே வாங்கிட்டியா?" என்றார்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாத்திரை சாப்பிட்டாள். ஒவ்வொரு சுவரிலும் அந்தந்த அறைக்கான பட்டியலை ஒட்டினாள். மூலைக்கு மூலை மூடியில்லாத கூடை வைத்தாள். கால் மணி நேரத்துக்கு அலாரம் வைத்து வேலை செய்தாள். ஆறு வாரம். வீடு பளபளக்கவில்லை, ஆனால் காலையில் எழுந்தால் பாத்திரம் கழுவும் தொட்டி காலியாக இருந்தது.

பிறகு நாத்தனார் வந்தாள். சுவரையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தம்பியிடம், "என்னடா, வீட்டுக்குள்ள ஸ்கூல் நடத்தறீங்களா?" என்றாள். அவருக்கு மானம் போய்விட்டது. அக்கா கிளம்புவதற்குள் அத்தனை பட்டியலையும் கிழித்தார்.

"அத எடுக்காதீங்க. மூக்குக்கண்ணாடி மாதிரி அது எனக்கு. கழட்டிட்டா தெரியாது."

"மனப்பாடம் பண்ணிக்கோ."

இரண்டே வாரத்தில் எல்லாம் பழையபடி ஆயிற்று. சோபாவுக்கு அடியில் பூஞ்சை பிடித்த சாப்பாட்டு டப்பா ஒன்றைக் கண்டெடுத்த அன்று, அவர் மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். "வீடு வீடா ஆனதும் கூப்பிடு" என்றார்.

ஆஸ்பத்திரியில் இருந்த லீவையெல்லாம் மொத்தமாகப் போட்டாள். பதினோரு நாள். மகள் வராமலே போய்விடுவாளோ என்ற பயம் மணி மாதிரி தலைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. அலமாரி அலமாரியாகக் கவிழ்த்தாள். நின்றபடியே ரொட்டி தின்றாள். சில நாள் அதுவும் மறந்தது. விரல்கள் வெடித்தன. பன்னிரண்டாம் நாள் கூப்பிட்டாள்.

மகளோடு அவர் வந்தார், நாத்தனாரும் வந்தாள். பிரிட்ஜ் மேல் விரலை இழுத்துப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"பாத்தியாடா? நல்லாவே முடியுது. அப்ப இத்தன வருஷமும் வேணும்னேதான் செய்யாம இருந்திருக்கா."

அவர் மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, ஏமாந்துபோன வலி இருந்தது. "முடிஞ்சிருக்கு, இல்ல?" என்றார்.

"லீவு போட்டு, சோறு தண்ணி இல்லாம, பயந்து பயந்து செஞ்சேங்க. தினமும் அப்படி முடியுமா? அண்ணி, நீங்களே சொல்லுங்க."

"நாங்க மட்டும் என்ன, விளையாடிக்கிட்டா செய்யறோம்?" என்றாள் நாத்தனார்.

ஒரு மாதத்தில் தூசி திரும்பி வந்தது. அவர் மறுபடி வீட்டை விட்டுப் போகவில்லை, சத்தமும் போடவில்லை. அழுக்குப் பாத்திரத்தைக் கண்டால், "பதினோரு நாள்ல முடிச்சவதானே" என்பார், அவ்வளவுதான். மாத்திரை தீர்ந்தபோது அவள் திரும்ப வாங்கவில்லை. டாக்டரின் காகிதம் எங்கே போனதென்று அவளும் தேடவில்லை.

மகளின் அறை மட்டும் துடைத்துவிட்டது போல் இருந்தது. வரும்போதெல்லாம் அத்தை மெச்சினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா துண்டு எடுக்க அந்த அறையின் அலமாரியைத் திறந்தாள். ஈரக் காலுறை, கிழிந்த நோட்டு, அழுகின பழத்தோடு தட்டு என்று எல்லாம் காலில் வந்து விழுந்தன.

வாசலில் மகள் வெளிறிப்போய் நின்றாள். "அப்பாகிட்ட சொல்லிடாதம்மா."

"யாருடி இப்படி ஒளிச்சு வைக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. உன்ன என்ன பண்ணாங்கன்னு பாத்தேன்ல."

ஹாலில் அவர் காலடி கேட்டது. அவள் சட்டென்று குனிந்து, எல்லாவற்றையும் இரண்டு கையாலும் அள்ளி உள்ளே திணித்தாள். மகளும் வந்து முட்டுக்கொடுத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுத்தியதில் கதவு சாத்திக்கொண்டது.