கோடியக்கரைக்குப் போகாத வேன்

சாம்பல் தொட்ட இரண்டு விரல்களுக்கு நடுவில் பட்டு இழை முறுக்கிக்கொள்ளும்போது, காய்ந்த புளிய இலையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தது போல ஒரு சத்தம் எழும். காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்கும். ஆரணியில் தறி உள்ள வீட்டில் பிறந்தவர்களுக்கு அது தெரிந்த சத்தம்தான். எனக்கு மட்டும் அதைக் கேட்டால் கடல் நினைவுக்கு வரும். அந்தக் கடலை இத்தனை வயதுக்கும் நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிக்காக இரண்டு தடவை சென்னைக்குப் போயிருக்கிறேன். கடற்கரை பக்கத்தில்தான் என்றார்கள். போகலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அப்போது எனக்குப் பதினோரு வயது. ஐந்தாவது முடித்துப் பள்ளிக்கூடத்தை நிறுத்தியிருந்தார்கள். எதிர்வீட்டில் இருந்த பெரியப்பாவுக்கு அந்த ஆடி மாதம் எங்கிருந்தோ ஓர் ஆசை வந்தது: எங்கள் வீடு, அவர் வீடு, பக்கத்து வீட்டுச் செல்வராஜ் மாமா வீடு, மூன்று குடும்பமும் ஒரு வேன் பிடித்து வந்தவாசி வழியாகப் போய்க் கடற்கரையைப் பிடித்து, அப்படியே ஓரமாகக் கோடியக்கரை வரைக்கும் போய்வர வேண்டும். வேன் வைத்திருந்தவர் தேசூர்க்காரர், பெரியப்பாவுக்குத் தெரிந்தவர். எழுதத் தெரிந்தவள் என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். வீட்டில் தாள் கிடையாது. தேய்ந்துபோன பழைய "டிசைன் அட்டை" இருந்தது. புடவைக் கரையில் பூ விழுவதற்காகத் தறியின் மேலே கட்டித் தொங்கவிடுகிற, ஓட்டை ஓட்டையாகக் குத்திய அட்டை. ஓட்டைகளுக்கு நடுவில் இடம் பார்த்து ஊர்ப்பேர்களை எழுதினேன்.

"முத நாளு வேடந்தாங்கல்ல பறவைங்க, சாயந்தரம் மகாபலிபுரத்துல கடலு. ரெண்டாம் நாளு பாண்டிச்சேரி, பிச்சாவரம். அங்க தண்ணிக்குள்ளயே காடு இருக்குது, படகுல சுத்திக் காட்டுவான். மூணாம் நாளு வேளாங்கண்ணி, நம்ம செல்வராஜுக்காவ. நாலாம் நாளு கோடியக்கரை. எழுதுமா ஜல்தி" என்றார் பெரியப்பா.

அம்மா பெரியப்பாவிடம் நேராகப் பேசமாட்டாள். புருஷனுக்கு அண்ணன் முறைக்காரரிடம் அப்போது பேசமாட்டார்கள். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைப் பார்த்துத்தான் சொல்லுவாள். "திரும்பி வர்றதுக்கு ஒரு நாளு எழுதினியானு உங்க பெரியப்பாவக் கேளு. இல்ல, அங்கயே மானுங்களோட மானா இருந்துடலாம்னு ரோசனையா?"

பெரியப்பா அட்டையை வாங்கிப் பார்த்தார். திரும்பும் நாளை யாருமே யோசித்திருக்கவில்லை. "ஆளுக்கு ஆளு குறுக்க பேசினா இப்படித்தான் ஆவும்" என்று அட்டையை என்னிடமே கொடுத்தார். அஞ்சாம் நாள் என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அன்றிலிருந்து, அம்மாவுக்கு இந்தப் பயணமே பிடிக்கவில்லை என்று தெருவில் பேச்சாகிவிட்டது.

என்னைப் பிடித்துக்கொண்டது கோடியக்கரைதான். அங்கே வெளிமான்கள் கூட்டம் கூட்டமாக நிற்கும், காட்டில் குதிரைகள் கேட்பாரில்லாமல் திரியும், தண்ணீர் ஓரத்தில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒற்றைக்காலில் பறவைகள் நிற்கும் என்று செல்வராஜ் மாமா சொன்னார். அவருடைய மச்சான் நேரில் பார்த்தாராம்.

"உன் மச்சான் சொன்னதுல பாதியக் கழிச்சுக்கினுதான் கேக்கணும்" என்றார் என் நைனா.

"பாதியக் கழிச்சாலும் மானு மிச்சம் இருக்குதே மாமா" என்றார் செல்வராஜ் மாமா.

அந்த மிச்ச மான்களை நினைத்துக்கொண்டு எத்தனையோ நாள், நெய்கிறவர் காலை இறக்கி உட்காருகிற தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் நாள்தான் கிடைக்கவில்லை. தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற பட்டு இழைகளைப் பாவு என்போம். ஒரு பாவில் மூன்று, நான்கு புடவை இருக்கும். பாவு தறியில் ஏறிவிட்டால் அதை நெய்து முடிக்காமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகிற வழக்கம் எங்கள் தெருவில் இல்லை. எலி கடிக்கும், ஈரக்காற்றில் இழை இழுத்துக்கொள்ளும், பட்டு கொடுத்த முதலாளிக்குப் பதில் சொல்ல முடியாது. ஆகவே மூன்று வீட்டுத் தறியும் ஒரே வாரத்தில் காலியானால்தான் வேன். ஆவணியில் எங்கள் தறி காலி, பெரியப்பா தறியில் ஒன்றரைப் புடவை பாக்கி. புரட்டாசியில் அவர் முடித்தார், செல்வராஜ் மாமாவுக்குப் புதுப் பாவு ஏறிவிட்டது. ஐப்பசி மழையில் பாவைத் தெருவில் நீட்டிக் காயவைக்க வழியில்லாமல் மூன்று தறியும் சும்மா கிடந்தன. இப்போது போகலாமே என்று பார்த்தால் கடலில் புயல். தை மாதம் கடல் அமைதியாக இருந்தது, எங்கள் தெருவில் கல்யாணப் புடவைக்கு நெருக்கடி. கடல் சும்மா இருந்தால் நாங்கள் சும்மா இல்லை, நாங்கள் சும்மா இருந்தால் கடல் சும்மா இல்லை. ஒவ்வொரு தடவையும் அட்டையில் மாதத்தை அடித்துவிட்டு எழுதி எழுதி, கடைசியில் எழுத ஓட்டைகள் மட்டும்தான் மிஞ்சின.

மாசி போனால் வேடந்தாங்கலில் பறவை இருக்காது என்று பெரியப்பா பிடிவாதமாக நின்றார். அதற்குத் தகுந்தபடி மூன்று பேரும் நெய்தார்கள். முந்துகிறவர் கொஞ்சம் நிதானித்தார், பிந்துகிறவர் விடியலுக்கு முன்பே தறியில் இறங்கினார். அப்படியும் இப்படியுமாக மாசி நடுவில் மூன்று தறியிலும் கடைசிப் புடவை அறுத்தாயிற்று. திரும்பி வரும்வரை யாரும் அடுத்த பாவைத் தொடக்கூடாது என்று பேசிக்கொண்டார்கள். வியாழக்கிழமை காலை வேன் வருவதாக ஏற்பாடு.

புதன்கிழமை நைனா முதலாளியிடம் புடவையைக் கொடுத்துவரப் போயிருந்தார். அம்மா முறுக்குக்கு மாவு அரைக்க மிஷினுக்குப் போயிருந்தாள். நான் வாசலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது பாவு பிணைக்கிற பெரியவர் வந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முடிந்த பாவின் நுனிகள் தறியிலேயே விட்டிருக்கும். புதுப் பாவின் இழைகளை அந்த நுனிகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பது அவர் வேலை. ஆயிரக்கணக்கான இழை. சுற்றி இருக்கிற தெருக்களுக்கெல்லாம் அவர் ஒருவர்தான். தேடிப் போய் நின்றால்கூட "பாக்கலாம், பாக்கலாம்" என்பார். அப்படிப்பட்டவர் தானாக வந்து நிற்கிறார்.

"அடுத்த தெருவுல இன்னிக்கு ஒரு சாவு, அங்க வேலை இல்ல. அதான் இப்படி வந்தேன். பாவு வந்துகீதா பாப்பா?"

தலையாட்டினேன். மூலையில் சுருட்டித் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

"நைனா பிணைக்கச் சொல்லிக்கீறாரா?"

அதற்கும் தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன் என்று இன்றுவரை எனக்கே என்மேல் ஆத்திரம். பெரியவர்கள் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டிவிடுவது என் வழக்கம். ஆமாம் என்பதற்குத் தலை போதும். இல்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள், வாயைத் திறந்து காரணம் சொல்ல வேண்டும். நாளைக்கு வேன் வருகிறது, நாங்கள் மான் பார்க்கப் போகிறோம் என்று அந்த இருமல்காரப் பெரியவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் உள்ளே போய் உட்கார்ந்தார். கொட்டாங்குச்சியில் சாம்பல் கேட்டார், கொண்டுபோய் வைத்தேன். அந்தச் சத்தம் ஆரம்பித்தது. இந்த இழையோடு சொல்லிவிடலாம், அடுத்த இழையோடு சொல்லிவிடலாம் என்று தூணைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அம்மா வரும்போது கால்வாசிக்கு மேல் பிணைத்தாகிவிட்டது. அதற்குமேல் நிறுத்த முடியாது. பாதியில் விட்டால் மிச்ச இழை சிக்கிக்கொள்ளும். முடித்தாலும், முடிச்சுகள் தறியைத் தாண்டி வரும்வரை ஒரு சாண் நெய்தே ஆகவேண்டும், பிறகு விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அம்மா கையில் மாவுத் தூக்கோடு அப்படியே நின்றாள். நைனாவும் பெரியப்பாவும் ஒன்றாக உள்ளே நுழைந்தார்கள்.

"யாரு உன்ன உக்காரச் சொன்னது?" என்றார் பெரியப்பா.

"கேட்டுகினுதான் உக்காந்தேன்" என்றார் பெரியவர், விரலை நிறுத்தாமல்.

யாரைக் கேட்டார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரியப்பா அம்மாவைத்தான் பார்த்தார். "போவ இஷ்டமில்லனா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம். ஆள வுட்டு பாவு ஏத்தணுமா?"

"நான் யாரையும் உக்கார வைக்கலியே" என்று அம்மா முதல் முறையாக அவரிடம் நேராகச் சொன்னாள். அவர் காதில் வாங்காமல் வெளியே போய்விட்டார். நைனாவும் அம்மாவை நம்பவில்லை. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

வியாழக்கிழமை வேன் வந்தது. ஓட்டி வந்தவர் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்தார். பெரியப்பா ஏதோ சொல்லி அனுப்பினார். வேன் திரும்புவதற்குத் தெருவில் இடம் போதாமல் முன்னும் பின்னுமாக நகர்ந்தது. உள்ளே காலி சீட்டுகள் தெரிந்தன. அரைத்த மாவை வீணாக்கக்கூடாது என்று அம்மா அன்று முறுக்குச் சுட்டாள். யாரும் தின்னவில்லை. அதற்கப்புறம் மூன்று தறியும் ஒரே வாரத்தில் காலியானதே இல்லை, யாரும் அதற்காகப் பார்க்கவும் இல்லை. அதுவரை பெரியப்பாவும் அம்மாவும் என் வழியாகவாவது பேசிக்கொண்டார்கள். பிறகு எனக்கு அந்த வேலையும் இல்லாமல் போயிற்று.

இப்போது தம்பி மகன் குமார் வீட்டில் இருக்கிறேன். ஒரு மாதமாக இங்கேயும் கடற்கரைப் பயணப் பேச்சுதான். அஞ்சு நாள், ஏழு பேர் உட்காருகிற வண்டி. செல்போனில் படம் பார்த்து வழி போடுகிறார்கள். ஒருத்தருக்கு ரிசார்ட் வேண்டும், ஒருத்தருக்குப் பிச்சாவரம் வேண்டாம், குமாருக்கு லீவு கிடைத்தால் அவன் மனைவி ரேவதிக்குக் கிடைப்பதில்லை. இதையெல்லாம் நான் முன்பே கேட்டாயிற்றே என்று எரிச்சலாக வரும். இவர்கள் வீட்டில் தறிகூட இல்லை.

போன வாரம் ரேவதி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அத்தை, மணல்ல நடக்கணும், உங்க முட்டிக்கு ஆவாது. நாங்க போய்ட்டு வர்ற வரிக்கும் வூட்டப் பாத்துக்கறீங்களா?"

தலை ஆடத் தொடங்கிவிட்டது. எனக்கே தெரிந்தது. கையைத் தூக்கித் தாடையைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லம்மா. நானும் வரேன்."

குமார் போனிலிருந்து நிமிர்ந்தான். "அப்ப எட்டு பேரு. வண்டி மாத்தணும், ரூம் மாத்தணும். பேஜாரு, முதல்லருந்து ஆரம்பிக்கணும்" என்றான். பிறகு, கோடியக்கரையை விட்டுவிட்டால் ஒரு நாள் மிச்சமாகும் என்றான்.

"அத மட்டும் எடுக்காத" என்றேன். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டான். மான் என்று சொன்னேன்.

தேதி இன்னும் முடிவாகவில்லை. இந்தத் தடவையும் நடக்குமா என்று எனக்குத் தெரியாது. அந்த அட்டை எந்த வீடு மாறும்போதோ தொலைந்துவிட்டது. பெரியப்பா இல்லை, நைனா இல்லை, செல்வராஜ் மாமா இல்லை, அவர் மச்சான் சொன்னது நிஜமா என்று சரிபார்க்கவும் ஆள் இல்லை. கடைசிவரை அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டே அம்மாவும் போய்விட்டாள். என்மேல் கோபப்பட வேண்டியவர் ஒருவரும் மிச்சமில்லை. ஆகவே தெரியாதவர்கள் படிக்கிற இடத்திலாவது எழுதி வைக்கிறேன்: அன்றைக்கு அவரை உட்கார வைத்தது அம்மா இல்லை. தலையாட்டியது நான்.