பெயரில்லாத பற்றுச்சீட்டு

போன மாதம் ஒரு பிரவுண் கவர் வந்தது. வரி அலுவலகத்திலிருந்து. நல்லவேளை, மனைவி சரோஜா குளித்துக்கொண்டிருந்தாள். எடுத்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அகதியாக வந்து இறங்கிய காலத்தில், இந்த நாட்டில் இருக்கலாமா திரும்பிப் போக வேண்டுமா என்பதை இந்த மாதிரிக் கவர்கள்தான் சொல்லும். இருபது வருடமாகியும் அதை நான் உடனே பிரிப்பதில்லை. உங்களுக்கு எப்படி?

விஷயம் இதுதான். கவுன்சில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது பென்ஷனில் ஒரு பகுதியை மொத்தமாகத் தந்தார்கள். அதில் இரண்டாயிரம் பவுணை, ஊரிலுள்ள ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு உதவும் அறக்கட்டளைக்குச் செக் எழுதிக் கொடுத்தேன். அந்த ஆண்டு வரிப் படிவத்தில் நன்கொடைக்கான சலுகையும் கேட்டிருந்தேன். இப்போது அவர்கள் கேட்கிறார்கள் — கொடுத்தது நீங்கள்தான் என்பதற்கு ஆதாரம் எங்கே? முப்பது நாளுக்குள் அனுப்பவும்.

பற்றுச்சீட்டு இருந்தது. எடுத்துப் பார்த்தேன். 'அன்பர் ஒருவர்' என்று எழுதியிருந்தது.

பெயர் போட வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். அடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். சரோஜாவுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான். பென்ஷன் காசில் குசினியை, அதுதான் சமையலறையை, புதுப்பிக்கலாம் என்று அவள் சொல்லியிருந்தாள். பேச்சு வரும்போதெல்லாம் "பாப்பம்" என்று சொல்லித் தப்பிக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு இறங்கவில்லை. பொய் எழுதினேன் என்று அபராதம் போட்டால்? ஊருக்குப் போன காசென்றால் இப்போதெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறார்களாமே...

நாங்கள் இருக்கும் தோர்ண்டன் ஹீத்திலிருந்து கோலியர்ஸ் வுட்டுக்கு பஸ் ஏறினேன். அறக்கட்டளையின் பொருளாளர் சிவநேசன் அங்கேதான் இருக்கிறார். கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார்.

"காசு தரேக்க நீங்கள் கையெழுத்து வைச்ச நன்கொடைப் படிவம் இருக்கு அண்ணை. நானும் கடிதம் தாறன். ஆனா அது மட்டும் காணாது. காசு உங்கட அக்கவுண்டிலயிருந்துதான் போனதெண்டு காட்டவேணும். அந்த மாத பாங்க் ஸ்டேட்மென்ட் இருக்கோ?"

"இருக்கும்."

"பிறகென்ன?"

"அது ஜொயின்ட் அக்கவுண்ட். ஸ்டேட்மென்ட் எல்லாம் மனிசியின்ர பைலில."

"சரோஜா அக்காவுக்குத் தெரியாதோ?"

"தெரியாது."

சிவநேசன் கடிதத்தை மடித்து என் கையில் தந்தார். "அப்ப வரி ஒஃபிஸ் பரவாயில்லை," என்றார்.

மூன்று நாள் தள்ளிப்போட்டேன். நான்காம் நாள் காலை, தேத்தண்ணி குடிக்கும்போது கடிதத்தைச் சரோஜாவின் முன்னால் வைத்தேன். தலையைக் குனிந்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அவள் எழும்பிப் போனாள். அலமாரி திறக்கும் சத்தம். தேடவே இல்லை — ஒரு நிமிடத்தில் அந்த மாத ஸ்டேட்மென்ட் தாளோடு வந்தாள். அந்தச் செக்கின் தொகை பதிவான இடத்துக்கு நேரே, பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

"உமக்குத் தெரியுமோ?"

"காசு போனது ரெண்டு வருசமாத் தெரியும். எங்கை எண்டு நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

"குசினி..."

"குசினியை விடுங்கோ. என்ர தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்ததே அந்த ஆஸ்பத்திரியிலதான். நான் மறிப்பன் எண்டு எப்பிடி நினைச்சனீங்கள்?"

வரி அலுவலகத்துக்குப் பயந்து ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தவன், இரண்டு வருடம் ஒருத்தி பக்கத்தில் காத்திருந்ததைக் கவனிக்கவில்லை.

கேள்விக்குறியை அழிப்பதற்கு ரப்பர் தேடினேன்.

"அப்பிடியே போட்டோகொப்பி எடுத்து அனுப்புங்கோ," என்றாள்.

அனுப்பினேன். நேற்றுப் பதில் வந்தது. ஆதாரங்கள் போதுமானவை, மேற்கொண்டு கேள்விகள் இல்லை என்று இரண்டே வரி.

மறிப்பாள் என்று எப்படி நினைத்தேன் என்று சரோஜா கேட்டதற்குத்தான் நான் இன்னும் பதில் சொல்லவில்லை.