எதிர் நாற்காலியில் ஒரு குடை

என் அக்கா துளசி இறந்தபோது அவள் கணவர் கோகிலன் அழவில்லை. கொள்ளி வைத்தார், பதினாறாம் நாள் காரியம் முடித்தார், மறுநாளே பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போனார். மெஷின்களைப் பழுது பார்க்கிற மனிதர் தானும் ஒரு மெஷினாகிவிட்டார் என்று பட்டர்வொர்த் சொந்தங்கள் பேசிக்கொண்டார்கள். நான் அதற்கும் மேலே போய், கல்நெஞ்சக்காரர் என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

பழைய பழக்கத்தில் அவர் விடாதது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் புத்தர் கோயிலின் பின்பக்கம் இருக்கும் சைவ உணவுக்கூடத்துக்குப் போய்விடுவார். அது அக்கா ஏற்படுத்திய வழக்கம். அவளுக்குக் கடலுக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில் ஆபீஸ் வேலை. ஃபெரி பிடித்துத் தீவுக்கு வந்து இறங்கும்போது சமைக்கத் தெம்பிருக்காது. வெள்ளிக்கிழமை கவிச்சியும் கூடாது. சீனர்கள் சோயாவில் செய்து வைத்திருக்கும் மீனைத் தின்றுகொண்டே, "விரதமும் ஆச்சு, மீனும் ஆச்சுலா" என்பாள். போனதும் தன் நீலக் குடையை ஒரு நாற்காலியில் போட்டு இடம் பிடிப்பது அவள் வேலை. தட்டு வாங்கி வருவது இவர் வேலை.

அவள் போன பிறகும் இவர் அந்தக் குடையோடுதான் போகிறார். எதிர் நாற்காலியில் வைக்கிறார். யாராவது இங்கே ஆள் இருக்கா என்று கேட்டால், இருக்காங்க என்று சொல்லிவிடுகிறாராம். இதைக் கேள்விப்பட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழ மாட்டார், ஆனால் செத்தவளுக்கு இடம் பிடிப்பாரா? அந்தக் குடையை எடுக்க வைத்தே தீருவதென்று கங்கணம் கட்டிக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை நானும் கூடவே போனேன்.

நான் போன நாள் பார்த்துப் பௌர்ணமி. சீனர்களுக்கு மாதத்தின் பதினைந்தாம் நாள், அவர்களும் சைவம். கூடத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். அத்தான் குடையை எதிரே வைத்துவிட்டுப் போய், சோறும் கங்கோங் கீரையும் சோயா மீனும் வாங்கி வந்தார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"உப்பு சரியா இருக்கா அத்தான்?"

"தெரியலம்மா. எதைத் தின்னாலும் ஒரே மாதிரிதான் இருக்கு."

மழை வரும்போல என்று சொல்வது மாதிரி அதைச் சொன்னார்.

"அந்தக் குடைய எடுங்க. அக்கா இனிமே வரப் போறதில்ல."

"தெரியும்லா," என்றார். எடுக்கவில்லை.

அப்போதுதான் ஒரு சீனக் கிழவி தட்டோடு வந்து நின்றாள். எங்கும் இடமில்லை. கூட்டம் இடிக்க இடிக்க அவள் கிண்ணத்து சூப் தளும்பிச் சிந்தியது.

"சினி அடா ஓராங்?" என்று குடையைக் காட்டிக் கேட்டாள். இங்கே ஆள் இருக்கிறதா என்று.

அத்தான் சிந்துகிற சூப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து குடையை எடுத்தார்.

"என் மனைவி உட்கார்ற இடம். அவங்க இறந்துட்டாங்க. நீங்க உட்காருங்க," என்று மலாயில் சொன்னார். எந்த மெஷின் நின்றுபோனது என்று ஃபேக்டரியில் சொல்கிற குரல்தான் அது.

கிழவி கொஞ்சம் தயங்கினாள். அவருக்குத் தலையைத் தாழ்த்திவிட்டு உட்கார்ந்து, சூப்பை ஊதிக் குடிக்க ஆரம்பித்தாள்.

நான் வந்த காரியம் முடிந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ அந்தக் கிழவியைப் பிடித்துத் தள்ள வேண்டும் போலிருந்தது. எழுந்திரு, அது என் அக்கா இடம் என்று கத்த வேண்டும் போலிருந்தது. குடை அங்கே கிடந்தவரை, அவள் எங்கோ கை கழுவப் போயிருக்கிறாள் என்று நானும்தான் நினைத்துக்கொண்டிருந்தேனோ என்னவோ. கூடமே திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டு அழுதேன். கிழவி ஒன்றும் கேட்காமல் டிஷ்யூவை நீட்டினாள்.

"சாப்பிடு காமினி, ஆறிடும்," என்றார் அத்தான்.

அவர் கண் காய்ந்துதான் இருந்தது. கரண்டியால் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முள்கரண்டி அப்படியே கிடந்தது. இடது கை மேசைக்கு அடியில், மடியில் இருந்த குடையின் பிடியை விடவே இல்லை.