நாற்காலி போட்டவர்கள்

எனக்குப் பட்டியல் போடுவதில் ஒரு வெறி உண்டு. வீட்டில் மளிகை டப்பாக்களுக்குக்கூடப் பேர் எழுதி ஒட்டியிருப்பேன். உளுந்து டப்பாவில் துவரம்பருப்பைக் கொட்டிவைத்ததற்காகக் கணவரிடம் இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். அப்படிப்பட்டவளிடம்தான் நெய்வேலி டவுன்ஷிப்பில், குடியிருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் சின்ன நூலகத்தின் சாவியைக் கொடுத்தார்கள்.

பஜாரில் ஸ்டூடியோ வைத்திருந்தவர் கடையை மூடிவிட்டு மகனோடு ஓசூருக்குப் போனபோது, தன்னிடமிருந்த பழைய படங்களையும் நெகட்டிவ்களையும் எங்கள் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. முக்கால்வாசி வழியனுப்பு விழாப் படங்கள். இங்கே யார் ரிடையர் ஆனாலும் ஒரு மாலை, ஒரு சால்வை, செக்‌ஷன் ஆட்களோடு ஒரு குரூப் போட்டோ நிச்சயம். அப்புறம் குவார்ட்டர்ஸைக் காலிசெய்துகொண்டு மதுரை, கோவை என்று அவரவர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் இங்கே வாழ்ந்ததற்கு மிச்சம் அந்தப் படம்தான்.

எட்டு மாதம் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். பெயர், செக்‌ஷன், வருடம், குவார்ட்டர்ஸ் இருந்த பிளாக். ஒவ்வொரு படத்தையும் ஸ்கேன் செய்து, செல்போனிலேயே தேடிப் பார்க்கும்படி ஆக்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அறையைத் திறந்துவைத்து, ‘யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்’ என்று என் கையாலேயே போர்டு எழுதி வாசலில் மாட்டினேன். துபாயிலிருந்து ஒருவர் போன் செய்து, அப்பாவின் இளவயதுப் படத்தைப் பார்த்தேன் என்று அழுதார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டோம் என்று உண்மையாகவே நம்பினேன்.

அந்தச் சமயத்தில்தான் அந்த அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். ஞாயிறு காலைப் பூசை முடித்த கையோடு வந்ததால் பைக்குள் ஜெபமாலை டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன.

“எங்கப்பா படம் ஒண்ணு வேணுங்க.”

“எந்த செக்‌ஷன்? எந்த வருஷம் ரிடையர் ஆனார்?”

“ரிடையரெல்லாம் ஆவலிங்க. கான்ட்ராக்டுல இருந்தாரு. ஃபங்ஷன்னா பந்தல் கட்டுவாரு, சேர் போடுவாரு. எனக்கு ஒம்பது வயசு இருக்கும்போது அவரு காமாலை வந்து பூட்டாரு. வூட்ல ஒரு படம்கூட இல்லீங்க.” பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். “அவரு மூஞ்சி எனக்கு மறந்துகினே வருது. போன வருஷம் ஞாபகம் இருந்த அளவுக்கு இந்த வருஷம் இல்லீங்க.”

மூன்று ஞாயிறு வந்தார். எல்லோரும் படத்தில் நடுவில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்ப்பார்கள். இவர் ஓரங்களைப் பார்த்தார். பந்தல் கால் அருகில் பாதி தோள், டீ தட்டைப் பிடித்த ஒரு கை, துணிக்குப் பின்னால் கொஞ்சம் தலைமுடி. ஒவ்வொன்றிலும் விரலை வைத்து நின்று, பிறகு அடுத்த படத்துக்குப் போவார். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. என் பட்டியலில் ஓட்டை இருக்கிறது என்று யாரோ வாய்விட்டுச் சொல்லாமல் சொல்வதுபோல இருந்தது.

மூன்றாவது ஞாயிறு வாயை விட்டுவிட்டேன். “எல்லாப் படமும் இதுலதாம்மா இருக்கு. இல்லாததை நான் எங்கே போய்க் கொண்டுவர்றது?”

“கோச்சிக்காதீங்க” என்று பையை எடுத்துக்கொண்டார். “சேர் போட்டவங்கள யாரு எடுத்திருக்கப் போறாங்க? எனக்குதான் மனசு கேக்கல. இனிமே தொந்தரவு பண்ண மாட்டேங்க.”

அவர் வாசல் தாண்டிப் போன பிறகுதான் ஸ்டூடியோக்காரர் பெட்டிகளை இறக்கும்போது சொன்னது ஞாபகம் வந்தது. கேமராவில் புது ஃபிலிம் ரோல் மாட்டியதும் இரண்டு மூன்று தடவை சும்மா அழுத்தி ஓட்டினால்தான் சரியான படம் விழுமாம். “எதிர்ல யார் இருக்காங்களோ அவங்களை உட்காரவெச்சு அழுத்திடுவேன். பெரியவங்க வர்றதுக்கு முன்னாடி சேர் போடுற ஆளுங்கதானே இருப்பாங்க? பாதி வெளிச்சம் பட்டு வீணாப் போயிருக்கும்மா, அதையெல்லாம் தூக்கிப் போட்டுடுங்க.”

அந்த நெகட்டிவ் துண்டுகளை நான் தூக்கிப் போடவில்லை. ஒரு பழுப்பு உறையில் போட்டு, மேலே ‘வேண்டாம்’ என்று எழுதி, அலமாரியின் அடித்தட்டில் தள்ளியிருந்தேன். பட்டியலில் சேர்க்கவில்லை. பெயரும் இல்லை, செக்‌ஷனும் இல்லை, எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அறையைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடினேன். நான் ஓடுகிற உடம்பு இல்லை. பஸ் ஸ்டாப்பில், பஸ் படியில் ஒரு காலை வைத்துவிட்டிருந்தவரின் பையைப் பிடித்து இழுத்தேன். கண்டக்டர் என்னைத் திட்டினார். திட்டட்டும்.

நூலகத்துக்குத் திரும்பக் கூட்டிவந்து அந்த உறையைப் பிரித்தேன். நெகட்டிவில் அந்த அம்மாவுக்கு எதுவும் புரியவில்லை. முகங்கள் கறுப்பாகவும் தலைமுடி வெள்ளையாகவும் இருந்தால் யாருக்குத்தான் புரியும்? ஒவ்வொரு துண்டாக ஸ்கேனரில் வைத்து மாற்றிக் காட்டினேன். பல படங்கள் பாதிக்கு மேல் வெளுத்திருந்தன. பத்துப் பன்னிரண்டு துண்டுக்குப் பிறகு ஒன்று வந்தது. இடது பக்கம் முழுக்க வெள்ளை. வலது பக்கம், மாலை போட வைத்திருந்த பெரிய நாற்காலியில், சட்டைப் பட்டன் இரண்டு இல்லாத ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்ற இருவர் அவரைப் பார்த்துச் சிரிக்க, அவரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா திரைக்குப் பக்கத்தில் போனார். அந்த முகத்தின் மேல் விரலை வைத்தார்.

“இவருதாங்க” என்றார். “சிரிச்சா இப்டிதான் கண்ணு மூடிக்கும். அதத்தான் மறந்து பூட்டேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. ‘வேண்டாம்’ என்று எழுதியது என் கைதானே.

பின்னால் நின்றவர்களில் ஒருவரின் பேரையும் அவரே சொன்னார். குறிஞ்சிப்பாடி ஆள், அப்பாவின் கூட்டாளி. அடுத்த வாரம் அவருடைய பிள்ளைகளையே கூட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் இன்னும் இரண்டு பேரை அடையாளம் காட்டினார்கள். பட்டியலில் புதிதாக ஒரு பகுதி திறந்தேன். அதில் பிளாக் என்கிற கட்டமே கிடையாது. பந்தல், சேர், டீ, சமையல் என்று என்ன வேலை செய்தார்கள் என்பதுதான் முதலில் வரும். பழுப்பு உறையை மாற்றவில்லை. அந்த எழுத்து அப்படியே இருக்கட்டும், என் கண்ணில் படட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பெரிதாக்கி வாசல் போர்டுக்குக் கீழே மாட்டியிருக்கிறோம். அந்த அம்மா இப்போது மாதம் ஒரு ஞாயிறாவது வந்து, வருகிறவர்களுக்குப் படம் காட்ட உதவுகிறார். போன ஞாயிறு கோவையிலிருந்து ஒருவர் குடும்பத்தோடு வந்தார். தன் அப்பாவின் வழியனுப்பு விழாப் படத்தைப் பார்த்துவிட்டு, வாசல் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அதே பந்தல், அதே நாற்காலி.

“இது எங்க அப்பாவுக்குப் போட்ட சேர் ஆச்சே, இதுல உட்கார்ந்திருக்கிறது யாருங்க?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டார்.

“எங்கப்பாங்க. உங்கப்பாவுக்கு மின்னாடி அவருதான் குந்தினாரு.”