வேண்டாம் என்று தடுத்த ஓயில்

கடந்த வருடம், கச்சான் காற்று அனலாக வீசிய ஒரு பின்னேரம். குச்சவெளியில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டு அப்பாவோடு அன்புவழிபுரத்துக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். இறக்கக்கண்டி தாண்டவில்லை, அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம் என்று காரை விரட்டினால், அந்த நேரம் பார்த்து எஞ்சின் ஓயில் சிவப்பு லைட் எரிகிறது! நிறுத்திப் பார்த்தேன். எங்கோ ஒழுகி, அளவுக்கம்பியில் ஒரு பொட்டு ஓயில் இல்லை. அம்புலன்ஸுக்குப் போன் எடுத்தால், வர நேரம் சுணங்கும் என்றார்கள்.

ரோட்டோர வீட்டு வாசலில் சின்ன லொறியில் மீன் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு முஸ்லிம் நானா, எனக்கு அண்ணன் வயதிருக்கும், ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் உள்ளே போய்ப் படகு எஞ்சினுக்கு வைத்திருந்த ஓயில் கேனைத் தூக்கி வந்தார்.

"ஆபத்துக்குப் பாவமில்ல தங்கச்சி. ஊத்திட்டு ஓடுங்க."

நான் வேலை செய்வது ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில். அது பெட்ரோலோடு கலந்து எரிக்கிற ஓயில். என்னுடையதோ டர்போ கார். டர்போ சுற்றுகிற வேகத்துக்கும் சூட்டுக்கும் அதற்கென்று உள்ள ஓயில் வேண்டும். இதை ஊற்றினால் எந்த இடத்தில் எஞ்சின் இறுகிக் கார் நிற்கும் என்று சொல்ல ஏலாது. அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மனிசன் துடிக்கிறார், நீங்க ஓயில் தெரிஞ்செடுக்கிறீங்களோ? கார்தான் பெரிசா?"

எனக்கு அழுகை வெடித்தது. "கார் எரிஞ்சு போகட்டும் நானா! இத ஊத்தி நடுவழியில நிண்டா என்ட அப்பாவ ஆர் தூக்குவாங்க?"

அவர் கேனைக் கீழே வைத்தார்.

"அப்ப லொறியில ஏத்துங்க."

பாதிப் பெட்டிகள் இன்னும் ஏற்றாமல் வெயிலில் கிடந்தன. ஈரச்சாக்கு போட்டு மூடச் சொல்லி மனைவியைக் கூப்பிட்டுவிட்டு, ஹோர்னை அழுத்தியபடியே ஓட்டினார். நான் அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பிரார்த்தித்தேன்.

இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் கஷ்டம் என்றார் டொக்டர். அப்பா இன்று மருந்துக் குளிசைகளைத் திட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறார்.

பிறகு நன்றி சொல்லப் போனோம். அன்று அந்த மீன் பழுதாகிப் போனதை அவர் மனைவி சொல்லித்தான் அறிந்தோம். "அதெல்லாம் ஒரு கதையா?" என்று அந்த நானா எங்களை இருத்தித் தேத்தண்ணி தந்தார்.

கொடுக்க வந்ததை வேண்டாம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். தான் கொண்டுவந்த உதவியைக் கீழே வைத்துவிட்டு எனக்குத் தேவையான உதவியைக் கையில் எடுத்த அந்த மனிதரை நினைத்தால் இன்றும் என் கண் கலங்குகிறது.